கரிசல்னு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு குழி தோண்டுங்க: சர்வே டேட்டாவ வச்சு மண்ணுக்குப் பேரு வைக்கிறது எப்படி

உங்க ஊர்ல என்ன மண்ணுன்னு கேட்டா யாரும் யோசிக்க மாட்டாங்க, டக்குனு வரும் பதில், கரிசல், செவல், வண்டல், சரளை, களர். விதைக்கிறவங்களுக்கு அந்தப் பேரே போதும், நான் ஒண்ணும் அத குறை சொல்ல வரல. ஆனா நீங்க அக்ரி படிச்சுட்டு புதுசா ஒரு வாட்டர்ஷெட் ப்ராஜெக்ட்லயோ சர்வே டீம்லயோ சேந்திருக்கீங்க, கையில ஒரு லேப் ரிசல்ட்டையும் நாலு ஃபோட்டோவையும் குடுத்து "இத கிளாசிஃபை பண்ணி எழுதிட்டு வா"ன்னு சொல்லிட்டாங்கன்னு வைங்க, அங்கதான் தலை சுத்தும். எனக்கும் சுத்துச்சு. அதனால கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலையே உதாரணமா வச்சு ஆரம்பத்துல இருந்து சொல்றேன்.

முதல்ல நான் வாங்குன அடிய சொல்லிடுறேன். வேலைக்குச் சேந்த புதுசு, ஒரு மானாவாரிக் காட்டுல போய் நின்னா மேல நல்லா கறுப்பா இருக்கு, கையில எடுத்து நனைச்சு உருட்டுனா பிசுபிசுன்னு ரிப்பன் மாதிரி நீளுது, பதினஞ்சு சென்டிமீட்டர் தோண்டி சாம்பிள் எடுத்துட்டு நோட்டுல "வெர்டிசால்"னு (உப்பிச் சுருங்கி வெடிப்பு விடுற களிமண்ணுக்கு வகைப்பாட்டுல இருக்கிற பேரு) தைரியமா எழுதிட்டேன். அந்தக் காட்டுக்காரர் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தவரு கடைசியா கேட்டார், "தம்பி, இது எங்க மண்ணா எழுதுறீங்க? இது கம்மா மண்ணுல்ல, மூணு வருஷத்துக்கு முன்ன கரம்பை அடிச்சது, எங்க மண்ணு அடியில செவல்ல கெடக்கு." கடப்பாறைய வாங்கி ஒரு முழம் குத்துனா நல்ல செக்கச்செவேர்னு சரளையோட வருது. அன்னைக்கு மானம் போச்சு. மண்ணோட பேரு மேல இருக்கிற பதினஞ்சு சென்டிமீட்டர்ல இல்ல, அதுக்குக் கீழ இருக்கு, அங்க பாக்காம வைக்கிற பேரு எல்லாம் குத்துமதிப்புதான்.

கையில இருக்கிற டேட்டா என்ன சொல்லும், என்ன சொல்லாது

குழி தோண்டுறதுக்கு முன்னாடி ஏற்கனவே என்ன இருக்குன்னு பாருங்க. எல்லாரும் முதல்ல எடுத்துட்டு வர்றது மண்வள அட்டை. 2015-ல ஆரம்பிச்ச திட்டம், பன்னெண்டு அளவு இருக்கும், தழைச்சத்து மணிச்சத்து சாம்பல்சத்து கந்தகம், அஞ்சு நுண்ணூட்டம், பிஎச், ஈசி (உப்பு எவ்வளவுன்னு காட்டுற மின்கடத்துத்திறன்), அங்ககக் கரிமம். உரம் எவ்வளவு போடணும்னு பாக்க நல்லது. ஆனா அதுல களி எத்தனை சதவீதம்னு கிடையாது, ஆழம் கிடையாது, நெறம் கிடையாது. அத வச்சு மண்ண வகைப்படுத்த முடியாது, ரத்தத்துல சுகர் அளவ வச்சு ஆளோட உயரத்த சொல்ல முடியுமா என்ன.

அடுத்தது அ-பதிவேடு, வருவாய்த்துறையோட நிலப் பதிவேடு. அதுல "மண் வயனமும் ரகமும்"னு ஒரு கட்டம், "மண் தரம்"னு ஒரு கட்டம் இருக்கும், 8-3 அந்த மாதிரி நம்பர் போட்டிருக்கும். புதுசா வர்றவங்க பாதி பேர் இதப் பாத்து குஷியாயிடுவாங்க, அட அரசாங்கமே வகைப்படுத்தி வச்சிருக்கேன்னு. அது தீர்வை போடுறதுக்காக செட்டில்மென்ட் காலத்துல வச்ச தரம்ங்க, பக்கத்துக் கட்டத்துலயே தீர்வை வீதம் இருக்கும் பாருங்க. சர்வே நம்பர், எல்லை, பாசன ஆதாரம் இதுக்கெல்லாம் அத எடுத்துக்கோங்க, மண் வகைக்கு எடுத்துக்காதீங்க.

நாக்பூர்ல இருக்கிற தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்ட நிறுவனம் போட்ட தமிழ்நாட்டு மண் வரைபடத்துக்கு 1:2,50,000 அளவுல மேப் பண்ணாங்க. அதாவது மேப்புல ஒரு சென்டிமீட்டர்னா தரையில ரெண்டரை கிலோமீட்டர், ஒரு சதுர சென்டிமீட்டருக்குள்ள 625 ஹெக்டேர் அடங்கிடும். அதுக்குள்ள கரிசலும் இருக்கும், மேட்டுல செவலும் இருக்கும், ஓடைக்கரையில வண்டலும் இருக்கும், அதனால ஒரு யூனிட்டுக்குள்ள ரெண்டு மூணு மண்ண சேத்துப் போட்டிருப்பாங்க. நெட்ல கிடைக்கிற சாயில்கிரிட்ஸ் டேட்டா 250 மீட்டர் கட்டம், அதுவும் மாடல் கணிச்சது, யாரும் உங்க காட்டுல வந்து தோண்டுனது இல்ல. இது ரெண்டும் எங்க தோண்டணும்னு முடிவு பண்ணத்தான்.

பழைய சர்வே ரிப்போர்ட் கிடைச்சா விடாதீங்க, தங்கம் அது. ஒரே ஒரு எச்சரிக்கை, அதுல இருக்கிற பேரு பழைய பேரா இருக்கும். குரோமஸ்டர்ட், பெல்லஸ்டர்ட்னு போட்டிருந்தா அது 90கள்லயே போயிருச்சு. கோயம்புத்தூர் பக்கத்து பெரியநாயக்கன்பாளையம் சீரிஸ (ஒரே மாதிரி அடுக்கு உள்ள மண்ணுக்கு ஊர் பேருல வைக்கிற கடைசிப் பிரிவு) வெர்டிக் உஸ்ட்ரோபெப்ட்னு எத்தனையோ தீசிஸ்ல பாக்கலாம், ஆனா சாயில் டாக்ஸானமிங்கிற அமெரிக்க மண் வகைப்பாட்டு நூலோட 1999-ல வந்த ரெண்டாம் பதிப்புல ட்ரோபெப்ட்ங்கிற பிரிவே கிடையாது. குழி விவரத்தையும் நம்பரையும் எடுத்துக்கோங்க, பேர மட்டும் புதுசா கண்டுபிடிங்க.

குழி

இடம் தேர்ந்தெடுக்கிறதுதான் பாதி வேலை. வரப்போரம், வண்டிப்பாதை, எருக்குழி இருந்த இடம், வேப்பமரத்தடி, கிணத்துமண்ணு கொட்டுன இடம் எதுவும் ஆகாது. மேடு, நடுச்சரிவு, பள்ளம்னு மூணு இடத்துல ஆகர் (மண்ணத் துளைச்சு எடுக்கிற கருவி) போட்டுப் பாத்துட்டு, எது அந்தக் காட்ட அதிகமா காட்டுதோ அங்க தோண்டுங்க. காட்டுக்காரர்கிட்ட கரம்பை அடிச்சிருக்கா, மண்ணு வெட்டி வித்திருக்கான்னு கேக்காம கடப்பாறைய தொடாதீங்க, அது நான் காசு குடுத்துப் படிச்ச பாடம்.

ஒன்றரை மீட்டர் ஆழம் வேணும், அதுக்கு முன்னாடியே சுக்கான் பாறை வந்துட்டா அங்க நிறுத்திக்கலாம். நீளம் ஒன்றரை ரெண்டு மீட்டர், அகலம் ஒரு மீட்டர், ஒரு பக்கம் இறங்க படி. நீங்க பாக்கப்போற முகத்துல வெயில் நேரா விழணும், அந்த முகத்துக்கு மேல யாரும் நிக்கக் கூடாது, தோண்டுன மண்ண அந்தப் பக்கம் போடவும் கூடாது. மாசி, பங்குனியில தோண்டுனா நல்லது, மேல வெடிப்பும் விட்டிருக்கும், அடியில கொஞ்சம் ஈரமும் இருக்கும். சித்திரை வெயில்ல கரிசல தோண்டிப் பாருங்க, கடப்பாறை திரும்பி நம்ம கால்லதான் விழும்.

ஜேசிபிய வச்சு தோண்டலாம், ஆனா பக்கெட் இழுத்த பக்கம் மண்ணு வழவழன்னு பளபளப்பா ஆயிடும். அப்படியே விட்டுட்டு டிஸ்கிரிப்ஷன் எழுத ஆரம்பிக்காதீங்க, கத்தியால ஒரு சாண் உள்ள தள்ளி நோண்டி புது முகம் எடுங்க. ஏன்னு அடுத்து சொல்றேன்.

அடுக்கு பிரிச்சு எழுதுறது

டேப்ப மேல ஜீரோ வச்சு தொங்கவிட்டு ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. அப்புறம் கத்தியால மேல இருந்து கீழ வரைக்கும் குத்திக்கிட்டே வாங்க, நெறம் மாறுற இடம், கத்தி இறங்குறது மாறுற இடம், கட்டி உடையற விதம் மாறுற இடம், இங்கெல்லாம் கோடு போடுங்க. பத்து பத்து சென்டிமீட்டரா சமமா பிரிக்காதீங்க, மண்ணு ஸ்கேல் வச்சுக்கிட்டு உருவாகல.

ஒவ்வொரு அடுக்குக்கும் நெறம், நயம் (மணல், வண்டல், களி எந்த விகிதத்துல இருக்கு), கட்டமைப்பு, சுண்ணாம்பு, வேரு, கல்லு, கீழ் எல்லை எப்படி இருக்குங்கிறத எழுதணும். நெறத்த மன்செல் புக்க (நெறத்துக்கு நம்பர் போட்ட அட்டைகள் உள்ள புக்கு) வச்சுப் பாருங்க, காஞ்ச மண்ணுக்கு ஒண்ணு ஈர மண்ணுக்கு ஒண்ணு. கூலிங் கிளாஸ கழட்டிட்டு பாருங்க, சிரிக்காதீங்க, நடந்திருக்கு. நம்ம கரிசல் ஈரத்துல 10 ஒய்ஆர் 3/1 பக்கத்துல வரும், செவல் 2.5 ஒய்ஆர் 3/4 அந்த மாதிரி. சுண்ணாம்புக்கு 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ரெண்டு சொட்டு, நுரை எவ்வளவு பொங்குதுன்னு எழுதுங்க.

கரிசல்ல நீங்க உசுரக் குடுத்துத் தேட வேண்டியது ஸ்லிக்கன்சைடு. தமிழ்ல வழுக்குப்பரப்புன்னு சொல்லலாம். மழையில மண்ணு உப்பும், வெயில்ல சுருங்கும், உப்பும்போது இடம் இல்லாம ஒரு கட்டி இன்னொரு கட்டி மேல சாய்வா வழுக்கி உரசும், அந்த உரசல்ல எண்ணெய் தேச்ச மாதிரி ஒரு பளபளப்பும் மெல்லிசா கோடுகளும் விழும். ஒரு பெரிய கட்டிய கையால ரெண்டா பிளந்தா உள்பக்கம் தெரியும், பரப்பு படுக்கைவாட்டுல இருந்து சாய்வா இருக்கும். ஜேசிபி பளபளப்பு குழி முகத்துல மட்டும்தான் இருக்கும், கட்டிய உடைச்சா உள்ள ஒண்ணும் இருக்காது. இத குழப்பி எழுதுன ரிப்போர்ட்ட நானே பாத்திருக்கேன்.

வெடிப்ப மறக்காதீங்க. அகலத்த ஸ்கேல்லயும் ஆழத்த ஒரு மெல்லிசு கம்பியாலயும் அளந்துட்டு, காட்டுக்காரர்கிட்ட உக்காந்து பொறுமையா கேளுங்க, எந்த மாசம் வெடிப்பு விடும், கோடை மழைக்கு மூடுமா, ஐப்பசி மழையில எப்ப மூடும்னு. இந்தப் பேச்சுல வர்ற நாள் கணக்குதான் பின்னாடி பேரையே மாத்தும், லேப்ல எந்த மிஷினும் இத சொல்லாது.

சாம்பிள் எடுக்கிறப்ப கீழ் அடுக்குல இருந்து மேல வாங்க. மேல இருந்து ஆரம்பிச்சா உதிர்ற மண்ணெல்லாம் கீழ் அடுக்குமேல விழுந்து கலந்துரும். அடுக்குக்கு ஒரு கிலோ, பைக்கு உள்ள ஒரு சீட்டு வெளிய ஒரு சீட்டு, பென்சில்ல எழுதுங்க, பேனா ஈரத்துல கலைஞ்சிரும்.

லேப்ல இருந்து வந்த நம்பர்

இங்க ஒரு பெரிய பொறி இருக்கு. நம்ம ஊர் லேப் நிறைய இடத்துல சர்வதேச முறையில பைப்பெட் போட்டு ரிசல்ட் குடுப்பாங்க, அதுல வண்டல்னா (ஆத்து வண்டல் மண்ணு இல்ல, சில்ட்ங்கிற துகள் அளவு) 0.002-ல இருந்து 0.02 மில்லிமீட்டர். ஆனா நீங்க பாக்கிற அமெரிக்க நயமுக்கோணத்துல வண்டல் 0.05 மில்லிமீட்டர் வரைக்கும் போகும். முதல் ரிசல்ட்ட எடுத்து ரெண்டாவது முக்கோணத்துல வச்சா மணல் அதிகமாவும் வண்டல் கம்மியாவும் காட்டும், நயம் பேரு தப்பா போகும். ரிப்போர்ட்டுல பருமணல் நுண்மணல்னு ரெண்டா மட்டும் பிரிச்சிருந்தா சந்தேகப்பட்டு லேப்ல கேளுங்க. நல்லவேளை, களி ரெண்டு முறையிலயும் 0.002-க்கு கீழதான், அதனால கரிசலுக்கு முக்கியமான கணக்கு தப்பிச்சிரும்.

இப்ப பழகிப் பாக்க ஒரு குழி எடுத்துக்குவோம். இந்த நம்பர் எல்லாம் நான் பயிற்சிக்காக வச்சது, எந்தக் காட்டுலயும் அளந்தது இல்ல. ஏபின்னா உழவு ஓடுற மேல் அடுக்கு, பிடபிள்யூ கொஞ்சம் மாறுன நடு அடுக்கு, பிஎஸ்எஸ் ஸ்லிக்கன்சைடு உள்ள அடுக்கு, பிசி பாறைக்கு மாறுற அடுக்கு.

ஏபி, 0–18 செமீ: களி 48, பிஎச் 8.2, சுண்ணாம்பு 5, ஈஎஸ்பி 3, ஈரநெறம் 10 ஒய்ஆர் 3/1
பிடபிள்யூ, 18–45: களி 52, பிஎச் 8.3, சுண்ணாம்பு 6, ஈஎஸ்பி 4
பிஎஸ்எஸ்1, 45–80: களி 55, பிஎச் 8.5, சுண்ணாம்பு 8, ஈஎஸ்பி 7, ஸ்லிக்கன்சைடு நிறைய
பிஎஸ்எஸ்2, 80–115: களி 56, பிஎச் 8.6, சுண்ணாம்பு 9, ஈஎஸ்பி 9, ஸ்லிக்கன்சைடு
பிசி, 115–140: களி 44, பிஎச் 8.9, சுண்ணாம்பு 11, ஈஎஸ்பி 17
140-க்கு கீழ மக்குன பாறை

களி, சுண்ணாம்பு, ஈஎஸ்பி மூணும் சதவீதம். ஈஎஸ்பின்னா மண்ணு புடிச்சு வச்சிருக்கிற அயனிகள்ல சோடியத்தோட பங்கு. ஈசி எங்கயும் 1-க்கு மேல போகலன்னு வைங்க, வெடிப்பு 2 செமீ அகலம், 60 செமீ ஆழம், வருஷத்துல மொத்தமா 190 நாள் திறந்திருக்கும்.

கேள்விய வரிசையா கேளுங்க

அமெரிக்க வேளாண்துறையோட சாயில் டாக்ஸானமி, நம்ம ஊர் ரிப்போர்ட் பெரும்பாலும் இதுலதான் எழுதுறாங்க. மொத்தம் பன்னெண்டு ஆர்டர், அதாவது பெரும்பிரிவு, அதுக்குக் கீழ சப்ஆர்டர், கிரேட் குரூப், சப்குரூப், குடும்பம், சீரிஸ்னு இறங்கும். புதுசா வர்றவங்க பண்ற தப்பு, பன்னெண்டையும் விரிச்சு வச்சு எது பொருத்தமா இருக்குன்னு ஜாதகம் பாக்கிற மாதிரி பாக்குறது. அப்படி இல்ல, இது கோயில் கியூ மாதிரி. ஜெலிசால், ஹிஸ்டோசால், ஸ்போடோசால், ஆண்டிசால், ஆக்ஸிசால், வெர்டிசால், அரிடிசால், அல்டிசால், மாலிசால், ஆல்ஃபிசால், இன்செப்டிசால், என்டிசால், இந்த வரிசையில ஒவ்வொண்ணா கேக்கணும், எங்க முதல்ல ஆமான்னு வருதோ அங்க நின்னுரணும், அதுக்குக் கீழ எது பொருந்துனாலும் கணக்குல இல்ல.

உறைபனி மண்ணா, இல்ல. மக்குன தழை மண்ணா, இல்ல. ஸ்போடோசால், எரிமலைச் சாம்பல், ஆக்ஸிசால் மூணும் விளாத்திகுளத்துல இல்ல. ஆறாவது வெர்டிசால். மேல் எல்லை 100 செமீக்குள்ள இருக்கிற, குறைஞ்சது 25 செமீ தடிமன் உள்ள ஒரு அடுக்குல ஸ்லிக்கன்சைடு (இல்லன்னா 10-ல இருந்து 60 டிகிரி சாஞ்ச ஆப்பு மாதிரி கட்டி) இருக்கணும். நமக்கு 45-ல ஆரம்பிச்சு 115 வரைக்கும் 70 செமீ இருக்கு. மேல 18 செமீல சராசரி களி 30 சதவீதம், அதுக்குக் கீழ 50 செமீ வரைக்கும் எல்லா அடுக்குலயும் 30 இருக்கணும். 48, 52, 55, தாராளம். அவ்வப்போது திறந்து மூடுற வெடிப்பு, இருக்கு. முடிஞ்சது, வெர்டிசால். கறுப்பா இருக்குங்கிறத நான் எங்கயாவது சொன்னேனா பாருங்க, சொல்லவே இல்ல, வெர்டிசாலா இல்லையான்னு முடிவாகுற இடத்துல நெறத்துக்கு வேலையே இல்ல.

அடுத்து சப்ஆர்டர். வெடிப்பு வருஷத்துல 90 நாளுக்கு மேல திறந்திருக்கு, ஆனா வருஷம் பூரா இல்ல, நம்ம வெக்கைக்கு அது உஸ்டர்ட். அப்புறம் கிரேட் குரூப். கடும் அமிலமா, இல்ல. உப்பு அடுக்கு, ஜிப்சம் அடுக்கு, இல்ல. 100 செமீக்குள்ள கால்சிக் அடுக்கு இருக்கா, அதுக்கு பொதுவா 15 சதவீதம் சுண்ணாம்பு வேணும், நம்மகிட்ட அதிகபட்சம் 11. அமிலம் பொங்குதேன்னு கால்சியஸ்டர்ட்னு எழுதிடக் கூடாது. மிச்சம் ஹாப்லஸ்டர்ட்.

சப்குரூப்புலதான் ஆளுங்க சறுக்குவாங்க. 115-க்கு கீழ ஈஎஸ்பி 17, பாத்த உடனே சோடிக்னு கை பரபரக்கும். சோடிக்குக்கு 15-க்கு மேல இருக்கணும், சரி, ஆனா அது 100 செமீக்குள்ள இருக்கணும். நமக்கு 100-க்குள்ள 9தான். அதனால சோடிக் இல்ல. ஆனா டிஸ்கிரிப்ஷன்ல கட்டாயம் எழுதுங்க, நாளைக்கு யாராவது போர் தண்ணி பாய்ச்சி வடிகால் இல்லாம விட்டா அந்த சோடியம் என்ன பண்ணும்னு அடுத்து வர்றவருக்குத் தெரியணும். அப்புறம் வெடிப்பு நாள், 210-க்கு மேலன்னா அரிடிக், 150-க்கு கீழன்னா யூடிக், நம்ம 190 நடுவுல. காட்டுக்காரர்கிட்ட அரைகுறையா கேட்டு ஒரு மாசம் கூட்டி எழுதியிருந்தா இந்த மண்ணு அரிடிக் ஆகியிருக்கும், பாத்துக்கோங்க. 100 செமீக்குள்ள பாறை இல்ல, அதனால லெப்டிக் இல்ல. களி 27-க்கு கீழ இருக்கிற தடிமனான அடுக்கு இல்ல, என்டிக் இல்ல. நெறம் வெளுப்பா இல்ல, குரோமிக் இல்ல. கடைசியில டிபிக் ஹாப்லஸ்டர்ட்.

குடும்பப் பேருக்கு 25-ல இருந்து 100 செமீ வரைக்கும் எடை போட்ட சராசரி வேணும். 25–45-க்கு 20 செமீ × 52, 45–80-க்கு 35 × 55, 80–100-க்கு 20 × 56, மொத்தம் 4085, அத 75-ஆல வகுத்தா 54.5. 60-க்கு கீழ, அதனால "ஃபைன்". மூணு நம்பர கூட்டி மூணால வகுத்தாலும் இதுல 54.3தான் வருது, பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா அடுக்கு தடிமன் ஏறுமாறா இருக்கிற குழியில இந்த சோம்பேறித்தனம் காலை வாரும். கனிமம் ஸ்மெக்டைட்டான்னு (உப்பிச் சுருங்குற களிக் கனிமம்) எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன்ல உறுதியாகும், அது இல்லாதப்ப அயனிமாற்றுத் திறன களியால வகுத்துப் பாத்து ஒரு அனுமானத்துக்கு வரலாம், அனுமானம்னே எழுதுங்க. மண் வெப்பம் சராசரி 22 டிகிரிக்கு மேல, கோடைக்கும் குளிருக்கும் 6 டிகிரி கூட வித்தியாசம் இல்ல, ஐசோஹைபர்தெர்மிக். சேத்துப் படிச்சா: ஃபைன், ஸ்மெக்டிடிக், ஐசோஹைபர்தெர்மிக் டிபிக் ஹாப்லஸ்டர்ட்.

அந்தக் கரம்பைக் காடு என்னாச்சுன்னு கேப்பீங்க. இதே வரிசையில போட்டா வெர்டிசால்ல ஸ்லிக்கன்சைடு இல்லாம தட்டிப்போகும், மேல கறுப்பா இருக்கேன்னு மாலிசால்ல நிறுத்தப் பாத்தா அங்ககக் கரிமம் 0.6 சதவீதம் கூட இல்ல, அடுத்து ஆல்ஃபிசால். அங்க களி கீழ போகப் போக கூடுதான்னு பாக்கும்போது கரம்பைய விட்டுட்டு அதுக்கு அடியில இருக்கிற பழைய மேல்மண்ணோட ஒப்பிடணும், அதுல களி 15-ல இருந்து 40-க்குள்ள இருந்தா கீழ 1.2 மடங்கு வேணும். கரம்பைய தனியா ஒரு குறிப்பா எழுதிட்டேன்.

சீரிஸ் பேரு மட்டும் நீங்களா வச்சிராதீங்க. பெரியநாயக்கன்பாளையம், இருகூர், டெல்டாவுல களத்தூர், இப்படி முதல்ல விவரிச்ச ஊர் பேருல ஏற்கனவே நிறைய இருக்கு, உங்க குழி எதோட அடுக்கு, ஆழம், நயத்தோட ஒத்துப்போகுதுன்னு பாருங்க. ஒரே சப்குரூப்ல இருந்தாலே ஒரே சீரிஸ்னு ஆகாது. ஒண்ணும் ஒத்து வரலன்னா "சீரிஸ் முடிவாகல"ன்னு எழுதுறது கேவலம் இல்ல.

எழுதி முடிச்சு குழிய மூடாம கிளம்பாதீங்க. அடி மண்ண அடியில போட்டு, நடுவுல நடுவுல மிதிச்சு, மேல் மண்ண கடைசியா போடுங்க. கரிசல்ல எப்படி மூடுனாலும் முதல் மழைக்கு அந்த இடம் கொஞ்சம் இறங்கும், அதனால ஒரு சாண் மேடா விட்டுட்டு வாங்க, இல்லன்னா அடுத்த வருஷம் அதே காட்டுக்காரர் போன் போட்டு ஆடு விழுந்த கதைய சொல்லுவார்.